கடலொலிப் பதிவிலிருந்து திமிங்கிலத்தின் இடத்தை அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீருக்கடியில் எடுத்த ஒலிப்பதிவுகளைக் கணினியில் வைத்து அலசுவது என் பிழைப்பு. மும்பையின் செம்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில், சில ஞாயிற்றுக்கிழமைகளில், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பெரியவர்களுக்கும் இந்த வேலையைப் பற்றிச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே ஐயங்கள் எழுவதால், கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதிவிட்டேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. “தண்ணிக்குள்ள முங்கினா நமக்கே ஒண்ணும் சரியாக் கேட்கறதில்லையே, திமிங்கிலத்துக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?”

குறை நம் காதில் இருக்கிறது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் ஓடுகிறது. வழியில் தேய்வதும் காற்றில் தேய்வதைவிட மிகக் குறைவு. வெளிச்சத்தின் நிலையோ இதற்கு நேர்மாறானது. தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே பகல் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. மழைக்காலத்து மும்பைக் கடலில் நீட்டிய கையின் விரல்கள்கூடத் தெரியா. ஆகவே கடலில் வாழும் பெரிய விலங்குகள் இணையைத் தேடவும், குட்டியைக் கூப்பிடவும், அவற்றுள் சில இரை பிடிக்கவும் ஒலியையே நம்பியிருக்கின்றன.

நீருக்குள் நமக்குத் திசை பிடிபடாமல் போவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேரத்தில் உள்ள சிறு வேறுபாட்டை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. காற்றில் அந்த வேறுபாடு மிஞ்சிப்போனால் 0.6 மில்லி விநாடி இருக்கும்; நீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் விரைவதால் அதுவும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. திமிங்கிலத்தைத் தேடும்போது நாம் செய்வதெல்லாம் இந்த இரண்டு காதுகளையும் சில கிலோமீட்டர் விலக்கி வைப்பதுதான்.

2. “ஹைட்ரோஃபோன்னா என்ன, மைக்கைப் பிளாஸ்டிக் பையில கட்டி இறக்கறதா?”

பையில் கட்டிய மைக்கிலும் ஏதோ கேட்கத்தான் செய்யும், ஆனால் பைக்குள் இருக்கும் காற்று ஒலியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஹைட்ரோஃபோனின் உள்ளே இருப்பது, அழுத்தினால் மின்னழுத்தம் தரும் ஒருவகைப் பீங்கான். சமையலறையில் ‘டக்’ என்று அழுத்தியதும் பொறி பறக்கிற கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் இதே தன்மையுள்ள பொருள்தான். லைட்டரில் சுத்தியல் அடிப்பதுபோல, இங்கே ஒலியலையின் அழுத்தம் பீங்கானை மெல்ல அமுக்குகிறது. கடல்நீர் படாமல் பிசின் பூசப்பட்ட அந்தத் துண்டு, ஒலியை ஏறத்தாழ நீரைப் போலவே ஏற்றுக்கொள்கிறது.

நீண்டகாலப் பதிவுக்கு ஹைட்ரோஃபோனுடன் பேட்டரியும் நினைவட்டையும் கொண்ட உருளையைச் சேர்த்து, எடைக்கல்லைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். பல மாதங்கள் கழித்துக் கப்பலிலிருந்து குறிப்பிட்ட ஓர் ஒலியை அனுப்பினால், எடைக்கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி விட்டுக்கொடுக்கும். மிதவை கருவியை மேலே தூக்கிவரும். வராமல் போவதும் உண்டு. அன்றைக்குக் கப்பலில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

3. “எல்லாத் திமிங்கிலமும் ஒரே மாதிரியா சத்தம் போடும்?”

இல்லை, அதனால்தான் பார்க்காமலே இனத்தைச் சொல்ல முடிகிறது. நீலத் திமிங்கிலத்தின் குரல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு நூறு அதிர்வுக்குக் கீழே, சில பகுதிகள் மனிதச் செவிக்கே எட்டாத தாழ்சுருதியில் இருக்கும். பதிவைப் பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால்தான் நமக்கு அது பாட்டாகக் கேட்கும். துடுப்புத் திமிங்கிலம் 20 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு நொடி அளவிலான துடிப்பை, சில நொடி இடைவெளியில், மணிக்கணக்காக விட்டுக்கொண்டே இருக்கும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஆண்கள் பல பகுதிகள் கொண்ட நீண்ட பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன.

எண்ணெய்த் திமிங்கிலம் பாடுவதில்லை. ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி, நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு என்று கதவைத் தட்டுவதுபோல் ‘டிக், டிக்’ என்று சொடுக்கிக்கொண்டே கணவாயைத் தேடும். நம் கடலோரத்தார் ஓங்கில் என்று சொல்லும் டால்பினின் சொடுக்கு 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும், ஆனால் அவ்வளவு உயர்ந்த ஒலி சில நூறு மீட்டருக்குள்ளேயே தேய்ந்துவிடும். இவற்றையெல்லாம் நாங்கள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே அதிகம். நேரத்தைக் குறுக்கிலும் அதிர்வெண்ணை நெடுக்கிலும் வைத்து வரையப்படும் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படத்தில், ஒவ்வோர் இனத்தின் ஒலியும் ஒவ்வொரு கையெழுத்தாக விழும்.

4. “நீலத் திமிங்கிலம் 188 டெசிபல், ஜெட் விமானத்தைவிடச் சத்தம்னு படிச்சேனே?”

எண் சரி, ஒப்பீடு தவறு. டெசிபல் என்பது ஏதோ ஒன்றை அடிப்படையாக வைத்து அதற்கு எத்தனை மடங்கு என்று சொல்வது. காற்றில் ஓர் அடிப்படை, நீரில் வேறோர் அடிப்படை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டுமானால் நீரில் அளந்த எண்ணிலிருந்து ஏறத்தாழ 62ஐக் கழிக்க வேண்டும். கழித்தால் 126 வரும். அதுவும் காதடைக்கும் ஒலிதான். ஆனால் செய்தித்தாள்கள் எழுதுகிற அளவுக்கு இல்லை.

5. “ஒலியைக் கேட்டதும் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணி, தொலைவைச் சொல்வது பலருக்கும் தெரியும். அங்கே புறப்பட்ட நேரத்தை மின்னல் காட்டிக்கொடுக்கிறது. திமிங்கிலம் எப்போது வாய் திறந்தது என்று நமக்கு யாரும் காட்டித்தருவதில்லை. ஆகவே, புறப்பட்ட நேரத்தை விட்டுவிட்டு, ஒரே ஒலி வெவ்வேறு இடங்களுக்கு வந்துசேர்ந்த நேரங்களின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கூடத்தில் இதைச் செய்துகாட்டுவதுண்டு. இரண்டு போன்களைப் பதிவில் போட்டு, அருகருகே வைத்து ஒருமுறை கைதட்டுவோம். அது இரண்டு பதிவுகளையும் ஒரே கோட்டில் நிறுத்த உதவும். பிறகு அவற்றைக் கூடத்தின் இரு மூலைகளில் வைத்துவிட்டு, ஒரு பிள்ளை எங்காவது நின்று கைதட்டும். சென்ற முறை ஒரு போனில் தட்டல் 10 மில்லி விநாடி முன்னதாக விழுந்திருந்தது. 340ஐ 0.01ஆல் பெருக்கினால் 3.4 மீட்டர், அதாவது அந்தப் பிள்ளை ஒரு போனுக்கு மற்றதைவிட 3.4 மீட்டர் அருகில் நின்றிருக்க வேண்டும். ஓர் அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக்கொடுத்த தையல் டேப்பால் அளந்தோம். நான்கு விரற்கடைதான் வேறுபட்டது.

கடலிலும் இதே கணக்குத்தான், எண்கள்தான் பெரியவை. இரண்டு ஹைட்ரோஃபோன்கள் 3 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, ஒரு குரல் ஒன்றில் ஒரு நொடி முந்தி விழுகிறது என்றால், திமிங்கிலம் அதற்கு 1.5 கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. எவ்வளவு தொலைவில் என்பதை இந்த ஓர் எண் சொல்லாது. எதற்கு எவ்வளவு அருகில் என்பதையே சொல்லும்.

6. “அப்போ ரெண்டு கருவி போதுமே, அதுக்கு மேல எதுக்கு?”

மேலே சொன்ன ‘1.5 கிலோமீட்டர் அருகில்’ என்ற நிபந்தனையை நிறைவு செய்யும் புள்ளிகள் ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றையெல்லாம் சேர்த்து வரைந்தால் பள்ளிக் கணக்கில் அதிபரவளைவு என்று படித்த கோடு கிடைக்கும். தேர்வுக்குப் பிறகு அதை மறந்துவிட்டவர்களே நம்மில் பெரும்பாலோர். அது பயன்படும் இடம் இது. நெடுந்தொலைவில் அந்த வளைவு நேர்கோடாகிவிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், இரு கருவிகளையும் இணைக்கும் கோட்டுக்கு 60 பாகைச் சாய்வில் போகும். அதேபோன்ற இன்னொரு கோடு மறுபக்கத்திலும் போகும் என்பதால், இடமா வலமா என்பதும் தெரியாது.

முதல் இரண்டோடு ஒரே கோட்டில் அமையாத மூன்றாவது கருவி ஒன்று இருந்தால் இன்னொரு வளைவு கிடைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் விடை. ஆழமும் வேண்டுமானால் வேறு ஆழத்தில் நான்காவது கருவி வேண்டும். கப்பலின் பின்னால் நீண்ட கம்பியில் ஹைட்ரோஃபோன்களை இழுத்துச் செல்லும்போது எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால் இடம் வலம் குழப்பம் தீராது. அப்போது கப்பலைச் சற்றுத் திருப்புவார்கள். திருப்பிய பிறகு உண்மையான திசை அதே இடத்தைக் காட்டும், போலித் திசை விலகி ஓடும்.

7. “ரெண்டு பதிவிலயும் கேட்கறது ஒரே சத்தம்தான்னு எப்படித் தெரியும்?”

இதுவரை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒரு பதிவை இன்னொன்றின்மேல் வைத்து, துணிக்குக் கரை பொருத்துவதுபோல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், இரண்டும் மிக நன்றாகப் பொருந்தும் ஓரிடம் வரும். எவ்வளவு நகர்த்தினோமோ அதுவே நேர வேறுபாடு. கணினி இதைக் கணப்பொழுதில் செய்துவிடும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு கணத்துக்குக் கணம் மாறுவதால் பொருத்துவது எளிது.

ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும் ஒலிகளில்தான் வில்லங்கம். எண்ணெய்த் திமிங்கிலம் அரை நொடிக்கு ஒருமுறை சொடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள கருவிகளில் நேர வேறுபாடு முன்னும் பின்னும் 2 நொடிவரை இருக்கலாம். அதற்குள் எட்டுக்கு மேற்பட்ட சொடுக்குகள் அடங்கும். இங்குள்ள ஐந்தாவது அங்குள்ள ஐந்தாவதா, ஏழாவதா? தவறாகப் பொருத்தினாலும் கணக்கு நன்றாகவே முடியும், இல்லாத இடத்தில் ஒரு திமிங்கிலம் கிடைக்கும். சொடுக்குகளின் இடைவெளி முழுச் சீராக இல்லாமல் சற்று முன்பின்னாக இருப்பதே நம்மைக் காப்பாற்றுகிறது; அந்தத் தாளப் பிசகை வைத்து வரிசையை இணைத்துவிடலாம்.

8. “கருவியிலேயே ஜிபிஎஸ் கடிகாரம் வைத்துவிட்டால் நேரப் பிரச்சினை இருக்காதே?”

ஜிபிஎஸ் அலை நீருக்குள் இறங்காது. கடலடியில் இருக்கும் கருவிக்குத் தன் சொந்தக் கடிகாரமே துணை. அதுவோ வெப்பநிலைக்குத் தக்கபடி முந்தியும் பிந்தியும் ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். ஆனாலும் ஒரு நாளில் அது 86 மில்லி விநாடி தவறும், அந்த நேரத்தில் ஒலி 130 மீட்டர் ஓடிவிடும். ஒரு மாதத்தில் பிசகு 4 கிலோமீட்டரை நெருங்கும். ஆகவே இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார்கள். இடையில் இடம் தெரிந்த ஒரு படகிலிருந்து ஒலியெழுப்பியும் சரிபார்ப்பார்கள். கூடத்தில் முதலில் கைதட்டினோமே, அதன் கடல் வடிவம் இது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் திருத்தத்தைப் போடும்போது கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டுவிட்டேன். வரைபடத்தில் ஓர் ஓங்கில் கூட்டம், மும்பைக்குத் தெற்கே கரையோரத்தில் உள்ள அலிபாக் பக்கத்து மலையடிவாரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. தரையில் ஏறியதால் தவறு அன்றே பிடிபட்டது. பிழை மேற்கே தள்ளியிருந்தால் கடலுக்குள்ளேயே விழுந்து, யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இன்றும் ஒவ்வொரு கணக்கையும் தெரிந்த இடத்திலிருந்து வந்த ஓர் ஒலியைக் கொண்டு சரிபார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

9. “வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறீர்களே, அது எவ்வளவு துல்லியம்?”

புள்ளியை நம்பாதீர்கள், பிழையின் அளவைக் காட்டப் புள்ளியைச் சுற்றி வரையப்படும் நீள்வட்டத்தைக் கேளுங்கள். 3 கிலோமீட்டர் அகலத்தில் விரிந்த கருவிகளும், 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு திமிங்கிலமும், 5 மில்லி விநாடி நேரப் பிழையும் இருந்தால், பக்கவாட்டில் நூறு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். தொலைவில் ஏற்படும் பிழையோ அதைப்போல் பல மடங்கு. வளைவுகள் இரண்டும் நறுக்கென்று குறுக்கே வெட்டாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போவதே காரணம். கருவிகளின் வேலிக்குள்ளேயே திமிங்கிலம் வந்துவிட்டால் விடை மிகவும் கூர்மையாகிவிடும்.

இன்னொரு பிழை, 1,500 என்ற எண்ணிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான அரபிக்கடலின் மேற்பரப்பில் ஒலி 1,540 மீட்டரை ஒட்டி ஓடும். கீழே குளிரக் குளிர வேகம் குறையும். வேகத்தை நூற்றுக்கு இரண்டு பங்கு தவறாக வைத்தால் தொலைவும் அந்த அளவுக்காவது தவறும். ஆகவே கருவியை இறக்கும் நாளிலேயே ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வைத்துக்கொள்வது வழக்கம்.

10. “ஒரே ஒரு கருவிதான் இருக்குன்னா கைவிரிச்சிட வேண்டியதுதானா?”

வேண்டாம். திசையையும் சேர்த்து உணரும் ஹைட்ரோஃபோன்கள் உண்டு; நீர்மூழ்கிக் கப்பலைத் தேட விமானத்திலிருந்து போடப்படும் சில மிதவைகளில் அவை இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தனியாகவே திசை காட்டும். இரண்டின் திசைக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் திமிங்கிலம் இருக்கும்.

சாதாரண ஹைட்ரோஃபோனிலும் ஒரு வழி உண்டு. ஆழத்தில் சொடுக்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஒலி நேராகவும் வரும், கடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியும் வரும். கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் எதிரொலி வருவதுபோல. மேற்பரப்பும் அடித்தரையும் கண்ணாடிபோல் இருந்து, ஒரே கருவியைப் பல கருவிகளாக்கித் தருகின்றன. அசலுக்கும் எதிரொலிக்கும் உள்ள இடைவெளிகளிலிருந்து ஆழத்தையும் தொலைவையும் கணிக்கலாம். திசை மட்டும் கிடைக்காது.

11. “ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கற திமிங்கிலத்தைக் கேட்டாங்களாமே, நிஜமா?”

உண்மைதான். கடலில் கீழே இறங்க இறங்கக் குளிர்வதால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் கீழே போனால் அழுத்தம் கூடுவதால் மறுபடியும் வேகம் ஏறுகிறது. நடுவே வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு அமைகிறது. நடு அகலாங்குகளில் அது ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்திலும், வெப்பமண்டலக் கடல்களில் அதைவிட ஆழத்திலும் இருக்கும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கம் வளைவதால், அந்த அடுக்குக்குள் நுழைந்த தாழ்குரல் மேலேயும் கீழேயும் மோதாமல், வாய்க்காலில் விட்ட நீர்போல் ஓடுகிறது. மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்கர் 1944இல் இதைச் சோதித்துக் காட்டினார். சோவியத் நாட்டின் பிரெகோவ்ஸ்கிக் தனியே கண்டறிந்தார்.

அமெரிக்கக் கடற்படை 1950களிலிருந்து சோவியத் நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்கக் கடலடியில் ஹைட்ரோஃபோன் வரிசைகளை அமைத்தது. 20 ஹெர்ட்ஸில் விடாமல் துடித்த ஓர் ஒலி அவர்களை ஆண்டுக்கணக்கில் குழப்பியது. அது துடுப்புத் திமிங்கிலம் என்று 1960களில் தெளிவாயிற்று. பனிப்போர் முடிந்தபின் அந்த வலையமைப்பைப் பயன்படுத்தி, கிறிஸ்டோபர் கிளார்க் என்ற ஆய்வாளர் 1993இல் ஒரே நீலத் திமிங்கிலத்தை அட்லாண்டிக்கில் 43 நாள் பின்தொடர்ந்தார். பகையாளியின் கப்பலுக்காக விரித்த வலையில் திமிங்கிலத்தின் பாட்டு சிக்கியது.

12. “வாட்ஸ்அப்ல வந்ததே, யாருக்கும் கேட்காத 52 ஹெர்ட்ஸ் தனிமைத் திமிங்கிலம், அது கதையா?”

ஒலி உண்மை, தனிமை நம் கற்பனை. வட பசிபிக்கில் 1989இல் கவனிக்கப்பட்ட அந்தக் குரலை, முன் பதிலில் சொன்ன அதே கடற்படைக் கருவிகளைக் கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வேறு எதுவும் அந்தச் சுருதியில் பாடாததால் ஒரே விலங்கை ஆண்டுதோறும் அடையாளம் காண முடிந்தது. ஆனால் 52 ஹெர்ட்ஸ் மற்றத் திமிங்கிலங்களின் செவிக்கு எட்டாத ஒலியன்று. 3ஆம் பதிலைப் பார்த்தாலே தெரியும். 1960களிலிருந்து உலகெங்கும் நீலத் திமிங்கிலங்களின் பாட்டும் சிறிது சிறிதாகச் சுருதி இறங்கி வருகிறது என்பது, இந்தச் சோகக் கதையைவிட எனக்கு வியப்பான செய்தி.

13. “இதெல்லாம் அமெரிக்காவுலதானே? நம்ம கடல்ல யாராவது கேட்டிருக்காங்களா?”

கேட்டிருக்கிறார்கள். லட்சத்தீவில் கவரத்தி அருகே இறக்கிய கருவிகளில் நீலத் திமிங்கிலப் பாட்டு பதிவானதைத் திவ்யா பணிக்கரும் கேட் ஸ்டாஃபர்டும் 2021இல் வெளியிட்டார்கள். அது இலங்கைப் பக்கத்து நீலத் திமிங்கிலங்களின் பாட்டு வகை. கோவாக் கரைக்கு அப்பால் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு பதிவாகி, 2018இல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது. அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மற்ற இடத்தவைபோல் துருவக் கடலுக்கு வலசை போகாமல் இங்கேயே வாழ்பவை. ஓமன் கரையில் எடுத்த கணக்கு நூறுக்கும் குறைவு என்கிறது. அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கிலம் 2017 இறுதியில் அரபிக்கடலைக் கடந்து நம் மேற்குக் கரைக்கு வந்தது.

தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ள டியேகோ கார்சியாத் தீவின் அருகில், அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அமைத்த ஹைட்ரோஃபோன்கள் இருக்கின்றன. அவற்றின் பல ஆண்டுப் பதிவுகளைத் துருவியபோது, அதுவரை கணக்கில் இல்லாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டத்தின் பாட்டு அங்கே இருந்ததாக 2021இல் அறிவித்தார்கள். கண்ணால் பார்க்கும் முன்பே பாட்டால் ஒரு கூட்டம் அறியப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சத்தீவிலும் கோவாவிலும் கிடைத்தது ‘இங்கே இருக்கிறது’ என்ற செய்தி. ‘இந்த இடத்தில் இருக்கிறது’ என்று சொல்ல 6ஆம் பதிலில் கண்டபடி கருவிகள் கூடவேண்டும்.

14. “மெரைன் டிரைவ்ல ஒரு ஹைட்ரோஃபோனை இறக்கினா நீலத் திமிங்கிலம் கேட்குமா?”

கேட்காது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 75 மீட்டர் நீளம். பத்து மீட்டர் ஆழமுள்ள நீரில் அது ஓட இடமில்லை, அடிச்சேற்றுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். மும்பைக்கு மேற்கே 160 கிலோமீட்டர் போய் பாம்பே ஹை எண்ணெய்க் கிணறுகளை அடைந்தாலும் ஆழம் 75 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். போதாக்குறைக்குத் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் இரைச்சல் திமிங்கிலம் பாடும் அதே தாழ்சுருதியில் அடைத்துக்கொண்டு நிற்கும். 2016 ஜனவரியில் ஜுஹு கடற்கரையில் இறந்து ஒதுங்கிய பிரைடு திமிங்கிலத்தைப் பார்த்தவர்கள், இங்கே அவை வருவதுண்டே என்று கேட்கிறார்கள். ஒதுங்கும் உடல் எங்கோ இறந்து நீரோட்டத்தில் மிதந்து வந்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் வேறு நிறையக் கேட்கும். வாணலியில் கடுகு தாளிப்பதுபோல் இடைவிடாத படபடப்பு ஒன்று எப்போதும் இருக்கும். அது கொடுக்கைச் சொடுக்கும் ஒருவகை இறால். மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் பெரிய விலைக்கு ஏலம் போகும் கோல் மீன் நம் ஊர்க் கத்தாழை மீன் இனம். எந்தக் காற்றுப்பைக்காக அதற்கு அவ்வளவு விலையோ, அந்தப் பையையே மேளம்போல் அடித்து ஒலியெழுப்பும். கரையோர ஓங்கில்களின் விசிலும் கிடைக்கலாம். ஒரு வார்த்தை: இது கடற்படைத் தளமும் துறைமுகமும் உள்ள கடல். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எந்தக் கருவியையும் இறக்கக் கூடாது.

15. “சத்தம் இல்லேன்னா திமிங்கிலம் இல்லேன்னு எழுதிடலாமா? சத்தத்தை எண்ணினா எத்தனைன்னு தெரிஞ்சிடுமா?”

இரண்டும் கூடாது. கூன்முதுகுத் திமிங்கிலத்தில் பாடுபவை ஆண்கள். நீலத் திமிங்கிலத்தின் நீண்ட பாட்டும் அப்படியே என்று கொள்ளப்படுகிறது. தாயும் குட்டியும் கருவிக்கு நேர்மேலே வாய்மூடிப் போனால் பதிவில் ஒரு கோடுகூட விழாது. அன்று கப்பல் இரைச்சல் அதிகமாக இருந்தால் பாடியதும் கேட்காது. ஆகவே ‘கேட்கவில்லை’ என்று எழுத வேண்டும், ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. எவ்வளவு இரைச்சல் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

எண்ணிக்கையில் எண்ணெய்த் திமிங்கிலம் சற்றுக் கருணை காட்டும். அதன் ஒவ்வொரு சொடுக்கும் அந்தப் பெரிய தலைக்குள்ளேயே முன்னும் பின்னும் மோதிப் பல துடிப்புகளாக வெளிவரும். தலை நீளம் கூடக்கூடத் துடிப்புகளின் இடைவெளி கூடும். ஆகவே பதிவிலிருந்தே உடல் நீளத்தைக் கணித்து, ‘இது பெரியது, அது சிறியது, ஆக இரண்டு’ என்று பிரிக்கலாம்.

16. “இதையெல்லாம் இப்போ செயற்கை நுண்ணறிவே பண்ணிடுமே?”

ஓராண்டுப் பதிவில் திமிங்கிலம் பாடும் இடங்களைத் தேடிக் குறிப்பதை நன்றாகவே செய்கிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம். கடிகாரம் தவறியிருந்தால் அதைத் திருத்தாது. பழகாத கடலில் வாளி உருளும் ஓசையையும் திமிங்கிலம் என்று சொல்லும்.

17. “இடம் தெரிஞ்சா அம்பர் தேடறவங்களுக்கு வசதியாப் போயிடாதா?”

அம்பர் என்கிற அம்பர்கிரிஸ், நறுமணப் பொருள் செய்யப் பயன்படுவதால் பெரும் விலை போகும் மெழுகு போன்ற பொருள். அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகி, வெளியேறி, எங்கோ மிதந்து கரை சேர்வது. விலங்கு இப்போது இருக்கும் இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

18. “இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? திமிங்கிலத்துக்கு ஏதாவது லாபம் உண்டா?”

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வழியில் 2008 முதல் கேட்கும் மிதவைகள் வைத்தார்கள். மிகவும் அருகிவிட்ட ரைட் திமிங்கிலத்தின் கூவல் ஒன்றில் விழுந்தால், கணினி அதைப் பிடிக்கும், ஆள் ஒருவர் கேட்டு உறுதிசெய்வார், கப்பல்கள் வேகத்தைக் குறைக்கும்படி சொல்லப்படும். அங்கே மீட்டர்க் கணக்குத் தேவைப்படவில்லை. எந்த மிதவையின் சுற்றுவட்டாரம் என்பதே போதுமானது. வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வது பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

நமக்கு அருகே, இலங்கையின் தென்கரையில், நீலத் திமிங்கிலங்கள் மேயும் கடலும் உலகின் நெரிசலான கப்பல் வழியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. அதற்கு ஆதாரமாக இருந்தவை பெரும்பாலும் படகிலிருந்து கண்ணால் பார்த்துத் தொகுத்த கணக்குகள். இரவிலும் தென்மேற்குப் பருவத்தின் கொந்தளிப்பிலும் படகு போக முடியாது. ஹைட்ரோஃபோன் அப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும்.

19. “மணப்பாட்டுல அத்தனை திமிங்கிலம் ஒதுங்கிச்சே, முன்கூட்டியே கேட்டுத் தடுத்திருக்கலாமா?”

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் கூடத்தில் உண்டு. இதை அவர்கள் கேட்காத ஞாயிறு இல்லை. 2016 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதே கரையோரத்தில் 1973இல் 147 ஒதுங்கியிருந்தன. இவை நீலத் திமிங்கிலம்போல் தாழ்சுருதியில் பாடுபவையல்ல. விசிலும் சொடுக்கும் இடுபவை. அந்த ஒலி சில கிலோமீட்டருக்கு மேல் தெளிவாக வராது. ஆழம் குறைந்த, இறால் படபடக்கும் கரையோரத்தில் இன்னும் குறையும்.

ஆகவே கரையை ஒட்டி வரிசையாகக் கருவிகள் இருந்து, அவை கம்பி வழியே உடனுக்குடன் கரைக்குச் சொல்லியிருந்தால், கூட்டம் நெருங்கியதைச் சில மணி நேரம் முன்பு அறிந்திருக்கலாம். அறிந்த பின் படகுகளோடு போய் வெளியே திருப்ப முயல ஆட்கள் வேண்டும். அன்று மீனவர்கள் பலவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட்டும், அவை திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. இந்த இடத்தில் நான் வழக்கமாகப் பேச்சை நிறுத்திவிடுவேன். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பேசுவார்கள்.

20. “வீட்டிலிருந்தே இதைப் பழக முடியுமா, அங்கிள்?”

முடியும். ஆடாசிட்டி, ரேவன் லைட் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஸ்பெக்ட்ரோகிராம் பார்க்க அவை போதும். திமிங்கில ஆய்வாளர்களே பயன்படுத்தும் பாம்கார்டும் இலவசமே, ஆனால் பழகச் சில வாரம் பிடிக்கும். கடல் ஒலிப் பதிவுகளை ஆய்வு நிறுவனங்கள் பல இணையத்தில் பொதுவில் வைத்திருக்கின்றன. முதலில் துடுப்புத் திமிங்கிலத்தின் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு தப்பாது.

இடம் காணப் பழக, மூன்று போன்களை மொட்டைமாடியில் முக்கோணமாக வைத்து, 5ஆம் பதிலில் உள்ளபடி முதலில் அருகருகே ஒரு கைதட்டல், முடிவில் மறுபடியும் ஒரு கைதட்டல். இரண்டுக்கும் இடையே போன்களின் நேரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 8ஆம் பதில் புத்தியில் ஏறிவிடும். அதன்பின் ஒளிந்துநின்று கைதட்டும் தம்பி தங்கையைத் தேடுங்கள். குக்கர் விசிலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது மெல்லத் தொடங்கி ஒரே சுருதியில் நீள்வதால், எந்த இடத்தைப் பிடித்து எதோடு பொருத்துவது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். எங்கள் குடியிருப்பில் காலை எட்டு மணிக்குக் கூவும் அந்த விசில் மூன்றாவது மாடியா நான்காவது மாடியா என்பதை இதுவரை யாரும் நிறுவவில்லை.